ஏலத்தில் போன ஜப்பான் வண்டி

எங்கள் ஜப்பான் வண்டியை ஏலத்தில் விட்ட விஷயத்தில் நான் இன்னும் ஒருத்தரையும் மன்னிக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏலம் போட்ட டிரில் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். போதகர் மாறுதலாகி எந்தெந்த ஊருக்கோ போய்விட்டார். வண்டியை எடுத்த வெற்றிலைக்காரர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. என் மனசில் மட்டும் அவர்கள் மேல் உள்ள கோபம் சூடு ஆறாமல் அப்படியே இருக்கிறது.

போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன் போனை நீட்டினான். "அக்கா, இதப் பாருங்களேன். சப்பான்ல இருந்து எறக்குன பழைய டிரெயில் வண்டி. தொண்ணூறு சிசிதான். என்ன வெலை சொல்றாய்ங்கன்னு பாருங்க" என்றான். பார்த்தேன். அதே உயர்ந்த முன் மட்கார்டு, அதே பட்டன் டயர், அதே இடுப்பு உயரச் சைலன்சர். "இதெல்லாம் நம்ம மதுரைல யாரு கண்டுருப்பா?" என்று வேறு கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன். பத்து வயதில் அந்த வண்டியின் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவள் நான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, யாரிடமும் ஓங்கிப் பேசாத குணம். அப்படிப்பட்டவர், குடும்பமே ஏறிப் போகிற நல்ல ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக அந்த வண்டியை வாங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிராமங்களில் போர்வெல் போட்டுக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. அவர் ஊர் திரும்பும்போது கோரிப்பாளையத்து மெக்கானிக் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பல வருஷமாக அது பாயின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப் போன அப்பா தற்செயலாக அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாய் நியாயமானவர். முதலிலேயே சொல்லிவிட்டார். "சார், இது ரோட்டு வண்டி இல்ல. வாய்க்காக் கரை, கல்லு மேடு, எங்கன விட்டாலும் ஏறும். ஆனா சாமான் கெடைக்காது. ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சாலும் சப்பானுக்குத்தான் எழுதிப் போடணும். யோசிச்சுக்கங்க."

"தொலைக்க மாட்டேன் பாய்" என்றார் அப்பா. அவர் யோசிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது அம்மா அதைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "சேலை கட்டுனவ இதுல எங்கிட்டு உக்காருறது? சைலன்சரு இடுப்புக்கு நேரா நிக்கிது. காலு வைக்கக்கூட எடமில்ல. இதக் கொண்டாரணும்னு எந்தச் சாமி உங்க கனவுல வந்து சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்கு அம்மா கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். நானும் அப்பாவும் வண்டியில் போனோம். இதில் நியாயம் அம்மா பக்கம்தான் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் முழுக்க அப்பா கட்சி.

சனிக்கிழமை எங்கள் நாள். நாகமலை அடிவாரத்துக்குப் போவோம். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் அப்பா வேறு ஆளாகிவிடுவார். கண்மாய்க் கரையில் வண்டியை ஏற்றி, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுகொண்டே ஓட்டுவார். நான் பின்னால் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். மீட்டரில் மைல் கணக்குத்தான் இருக்கும். நாற்பதில் முள் நிற்கும்போது, "நம்ம ஊருக் கணக்குல இது அறுபதுக்கும் மேல பாப்பா. அம்மாட்ட நாப்பதுன்னு மட்டும் சொல்லு, பொய்யில்ல" என்பார். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் உலகத்தில் எங்களை விடப் பெரிய ஆள் கிடையாது.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு வண்டிக்கு ஒரு கோளாறு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சத்தம் ஏறும், தணியும், மறுபடி ஏறும். சீராக ஒரு நூறு அடி போகாது. நான் பின்னால் உட்கார்ந்து குலுங்குவேன். "கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கு பாப்பா" என்றார் அப்பா. சனிக்கிழமைகளில் நாகமலைக்குப் போவது குறைந்து, முற்றத்தில் சாக்கை விரித்துக் கார்புரேட்டரைப் பிரிப்பது வாடிக்கையாயிற்று.

முதலில் அவர்தான் பிரித்தார். நான் ஸ்க்ரூக்களை டிபன் மூடியில் வாங்கி வைப்பேன். ஒரு நாள், "ஒன் வெரலு சின்ன வெரலு. நீ போட்டாத்தான் சரியா உக்காரும்" என்று ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்ரோல் டேப்பை மூடுவது, கீழ்க் கிண்ணத்தைக் கழற்றுவது, மிதவையை எடுப்பது, நடுவில் இருக்கும் ஜெட்டைத் திருகி எடுப்பது எல்லாம் ஒவ்வொன்றாக என் வேலையாயின. ஜெட் என்பது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் திருகு. அதன் நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஊதிவிட்டு வானத்துக்கு நேராகப் பிடித்து அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். எப்போதும் தெரிந்தது. வண்டி எப்போதும் அதே மாதிரிதான் ஓடியது.

பாயிடமும் போனோம். அவர் பிரித்துப் பார்த்து, "கார்புரேட்டர் கண்ணாடி மாதிரி இருக்கே சார். நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினார். அப்பா சட்டென்று, "வேணாம் பாய், நானே பாத்துக்கிறேன்" என்றார். பாய் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீக்கடையிலிருந்து பன் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு வண்டியை யாரும் தொடக்கூடாது, அம்புட்டு ஆசை என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில் அம்மா மேல் எனக்கு இன்னொரு கோபம் சேர்ந்தது. அப்பாவுக்கு அவள் அரை டம்ளர் காபிதான் கொடுப்பாள். அதைக் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த அரை டம்ளர் வரும். மற்ற எல்லாருக்கும் டம்ளர் நிறைய. வண்டி வாங்கிய குற்றத்துக்கு இப்படி ஒரு தண்டனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் நானே டம்ளர் தளும்பக் காபி ஊற்றி அப்பாவிடம் கொண்டுபோனேன். அம்மா பாதி வழியில் பிடுங்கி, பாதியைச் சொம்பில் கொட்டிவிட்டாள். "ஏம்மா இப்படி இருக்க?" என்று கத்தினேன். முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. எங்கள் கோயிலில் அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் அது. அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்த்தது, சமைத்தது என்று எதையாவது கொண்டுவந்து கோயில் முற்றத்தில் வரிசையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல், கேக், கரும்புக்கட்டு, ஒருமுறை சினை ஆடுகூட வந்தது. வரிசையில் வைத்துவிட்டால் அது ஆண்டவருடையது. திருப்பி எடுக்கும் பேச்சே கிடையாது. அப்படி எடுத்தவர்கள் குடும்பத்தோடு கோயில் மாற வேண்டியதுதான்.

அன்று காலை அப்பா வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கினார். ஆனால் ஓட்டவில்லை. "கூட்டத்துக்குள்ள தூக்கித் தூக்கிப் போடும். தள்ளிக்கிட்டே போவோம்" என்றார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வழக்கமாக நாங்கள் வைக்கும் வாழைத்தாரை அந்த வருஷம் வாங்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. முற்றத்தில் வண்டி நிறுத்தும் வேப்பமரத்தடியெல்லாம் சைக்கிளும் பைக்குமாக நிறைந்திருந்தது. அப்பா வரிசையின் கடைசியில், ஒரு பெரிய பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டார்.

ஏலம் விட்டது அப்பாவின் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். அவருக்கு மைக்கே தேவையில்லை. சேவலைத் தூக்கிக் காட்டி, கேக்கை மோந்து காட்டி, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வரிசையில் நகர்ந்து வந்தார். பூசணிக்காய் போயிற்று. அடுத்து வண்டி. அவர் நின்று அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் தலை லேசாக அசைந்தது. அதிர்ச்சியில் அசைந்தது என்றுதான் நினைத்தேன்.

"சப்பான் குதிரைய்யா! வாய்க்கா வரப்பெல்லாம் தாண்டும்! யாரு கேக்குறீக?"

கூட்டம் சிரித்தது. யாரோ விளையாட்டாக ஒரு தொகை சொன்னார்கள். சோழவந்தானிலிருந்து வந்திருந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் விளையாடாமல் கேட்டார். அவருக்கும் இன்னொருவருக்கும் போட்டி ஏறிக்கொண்டே போனது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "அது எங்க வண்டி! அது ஏலத்துக்கு இல்ல!" என்று கத்தினேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கி, வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையைக் கடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியாமல் அங்கே நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? அவர் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது தரமும் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். போதகர் அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். ஏமாளியைத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மத்தியானமே போதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்துக் கட்டளைகளில் எட்டாவதான 'களவு செய்யாதிருப்பாயாக' என்பதை அவருக்கு நினைவூட்டி, வண்டி எங்களுக்கே என்று ஆகும்வரை ஞாயிறு பள்ளிக்கு வரமாட்டேன் என்று அறிவித்திருந்தேன். சாயங்காலம் அவரே வந்தார். கடிதம் அவர் பைபிளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்ல வக்கில்லாதவர்கள் ஜெபம் பண்ணுவார்கள் என்று அன்று முடிவு கட்டினேன்.

மறுநாள் லோடு ஆட்டோ வந்து ஏற்றும்வரை வண்டி எங்கள் முற்றத்திலேயே நிற்பதாக ஏற்பாடு. அப்பா பள்ளிக்கூடத்தில், அம்மா தெருக்குழாயில். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். டேப்பை மூடினேன், கிண்ணத்தைக் கழற்றினேன், ஜெட்டைத் திருகி எடுத்தேன், மற்றதையெல்லாம் இருந்தபடியே மாட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெட் என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போயிற்று. சப்பானுக்கு எழுதிப் போட்டுக்கொள்ளட்டும்.

நான்காம் நாள் வெற்றிலைக்காரர் பஸ் பிடித்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வியர்வை, முகமெல்லாம் கடுப்பு. "சார், ஒதைச்சு ஒதைச்சு எங்காலு வீங்கிப்போச்சு. பெட்ரோலா ஊத்துது. எங்கூரு மெக்கானிக்கு உள்ள ஒரு சாமானே இல்லங்கிறான். ஆண்டவருக்குன்னு குடுத்ததுல கைய வைக்கலாமா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. நான் போய் ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து, ஜெட்டை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். எடுத்துக்கொள்ளட்டும், எடுத்துத் திருடர்களிடமே கொடுக்கட்டும் என்று நின்றேன். அப்பா கையை நீட்டினார். என் உள்ளங்கை வரை வந்த கை நின்றது. பிறகு பின்னால் போயிற்று.

"நீயே வச்சிரு. சனிக்கிழம போவோம். நீயே மாட்டிக் குடு" என்றார்.

இதை விடப் பெரிய அவமானத்தை ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்ய முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சோழவந்தானில் அந்த வீட்டு வாசலில் வெற்றிலைக் கவுளி கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் பத்துப் பேர். வெற்றிலைக்காரரின் பிள்ளைகள் என் வயதில் மூன்று பேர். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். நான் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். கழற்றிய கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட அவர் வரவில்லை. வலது கையைப் பைக்குள் விட்டபடி, "மெதுவா... அம்புட்டுத்தான்... முறுக்காத" என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொட்டப்புள்ள என்னமா செய்யிது பாரேன்" என்றாள் ஒரு பெண். "சாரு ஏன் சும்மா உக்காந்துருக்காரு?"

"அவதான் மெக்கானிக்கு. நான் தொணைக்கு வந்தவன்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று ஸ்க்ரூவை இறுக்கினேன்.

இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. வெற்றிலைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கொடிக்காலுக்கு நடுவே போகும் கரையில் வண்டியை விட்டார். சத்தம் ஏறவில்லை, தணியவில்லை. ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரே சீராக, கோடு போட்டது போல, ஆற்றுப் பக்கம் வரைக்கும் போயிற்று. அப்பா சேரிலிருந்து எழுந்து நின்று, சத்தம் தேய்ந்து முடியும்வரை கேட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நமக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி ஓடல?"

அப்பா கரையையே பார்த்தபடி, "இன்னைக்குத்தான் நீ சரியா மாட்டியிருக்க பாப்பா" என்றார்.

அப்படியானால் இத்தனை நாளும் தப்பாக மாட்டியது நான்தான். சனிக்கிழமைகள் போனதும், வண்டி போனதும் என் விரலால்தான். இந்தப் பாரத்தை இரண்டு வருஷம் சுமந்தேன். அம்மா தினமும் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட ஆரம்பித்த பிறகுதான், கேட்க வேண்டியதைக் கேட்க எனக்குத் தெரிந்தது. கார்புரேட்டரில் என்றைக்குமே குறை இருந்ததில்லை. ஆக்ஸிலரேட்டரைப் பிடித்த கைதான் ஏறி இறங்கியது. கண்மாய்க் கரையில் பின்னால் என்னை வைத்துக்கொண்டு ஓட்டுகிற கை. அது அம்மாவுக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும், போதகருக்கும் டிரில் மாஸ்டருக்கும் அப்பாவே சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கான என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது, இந்தக் கோபம் மட்டும் போகவில்லை.

அன்று சோழவந்தானிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெற்றிலைக்காரர் கொடுத்தனுப்பிய வெற்றிலைக்கட்டு அப்பாவின் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, என் கைமேல் வைத்தார். அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. டவுன் பஸ் அப்படித்தான் குலுக்கும் என்று நினைத்துக்கொண்டு, என் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.